கவுண்டி ஆர்.எஃப்.பி.: யாரையும் பார்க்க வேண்டாம், பழைய ஒப்பந்தத்தைப் படியுங்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறேன். உரிய அனுமதியோடு ஒரு வணிகச் சமையலறை வைத்து சைவ கேட்டரிங் செய்கிறேன். அலமீடா கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) முதியோர் மதிய உணவுக்கு ஆர்.எஃப்.பி., அதாவது திட்டமும் விலையும் கேட்கும் டெண்டர் அறிவிப்பு, வெளியிட்டால் நானும் போட்டியிடலாமா? ஊரில் டெண்டர் என்றாலே யாரையாவது தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். எங்கள் பகுதியிலிருந்து கவுண்டி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சூப்பர்வைசரிடம் ஒரு விழாவில் பேசியிருக்கிறேன், அவரைப் போய்ப் பார்க்கலாமா? என் நாத்தனார் கவுண்டியில் வேலை செய்கிறார். அது உதவியா, உபத்திரவமா?

பதில்: போட்டியிடலாம். ஆனால் சூப்பர்வைசரைப் பார்க்கப் போகாதீர்கள். ஆர்.எஃப்.பி. வெளியான நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் வரை, அந்த ஆவணத்தின் முதல் பக்கங்களில் பெயர் போட்டிருக்கும் கொள்முதல் அலுவலர் ஒருவரிடம் மட்டும்தான் அதைப் பற்றிப் பேச வேண்டும், அதுவும் எழுத்தில். வேறு வழியில் யாரையாவது தொடர்பு கொண்டால் உங்கள் விண்ணப்பத்தையே தள்ளிவிடலாம் என்று பெரும்பாலான ஆவணங்களில் எழுதியே இருக்கும்.

ஒரு விஷயம் முதலில் தெளிவாகட்டும். ஃப்ரீமாண்ட் சிட்டி வேறு, அலமீடா கவுண்டி வேறு. சிட்டிக்குத் தனி கவுன்சில், தனி கொள்முதல் பிரிவு. பொது சுகாதாரம், நலத்திட்டங்கள், சிறை, தேர்தல், சொத்து வரி எல்லாம் கவுண்டியின் கையில். அதை நடத்துவது, தொகுதிக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து சூப்பர்வைசர்கள் கொண்ட வாரியம். அவர்கள் கூடுவது ஓக்லாந்தில். இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்துகொண்டால்தான் இரண்டின் அறிவிப்புகளும் உங்களுக்கு வரும்.

அலமீடாவில் ஆர்.எஃப்.க்யூ. என்று வந்தால் அது விலைப்புள்ளி கேட்பது. தகுதியுள்ளவர்களில் யார் விலை குறைவோ அவருக்குப் போகும். ஆர்.எஃப்.பி. அப்படி இல்லை. அதில் விலை ஓர் அம்சம்தான். அனுபவம், வேலை செய்யும் திட்டம், ஆள் பலம், பணபலம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை போட்டிருப்பார்கள். மதிப்பீட்டுக் குழு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, அந்த எடையால் பெருக்கும். எடைப் பட்டியல் ஆவணத்திலேயே அச்சாகி இருக்கும். கேள்வித்தாளோடு மதிப்பெண் முறையையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள், ஆனால் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை. தங்கள் கம்பெனியின் வரலாறு, படங்கள், பாராட்டுக் கடிதங்கள் என்று நாற்பது பக்கம் அனுப்புகிறார்கள். குழுவில் இருப்பவருக்கு அது தலைவலி. அவர்கள் கேட்ட வரிசையில், அவர்கள் வைத்த தலைப்புகளிலேயே பதில் எழுதுங்கள். அதிக எடை உள்ள தலைப்புக்கு அதிக இடம் கொடுங்கள்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். ஆர்.எஃப்.பி. வருவதற்கு முன்பே, இப்போது அந்த உணவைக் கொடுத்துக்கொண்டிருப்பவரின் ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். கலிஃபோர்னியாவில் 1968 முதல் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. அதன்படி கையெழுத்தான ஒப்பந்தம், அதன் தொகை, சென்ற முறை வென்றவரின் விண்ணப்பம், குழு போட்ட மதிப்பெண் தாள் ஆகியவற்றைக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருகிறோமா இல்லையா என்று கவுண்டி 10 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். வணிக ரகசியம் என்று சில வரிகளை மறைத்துத் தரக்கூடும். போட்டி நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் மற்றவர்களின் விண்ணப்பம் கிடைக்காது. பேச்சுவார்த்தை முடியும் வரை அவற்றை வெளியிடாமல் வைத்திருக்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லிவிட்டது. அதனால்தான் முன்கூட்டியே கேளுங்கள் என்கிறேன். ஒரு சாப்பாட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், எத்தனை சாப்பாடு, டெலிவரி யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்த சூப்பர்வைசரிடம் பேசினாலும் இவ்வளவு விவரம் கிடைக்காது.

உங்கள் துறையில் இன்னொரு சிக்கலும் அந்த ஒப்பந்தத்தில் தெரியவரும். இந்தத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் 1965-ஆம் ஆண்டின் மூத்த அமெரிக்கர் சட்டத்தின் கீழ் கூட்டாட்சிப் பணம் வருகிறது. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உணவு. சாப்பிடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது, விரும்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வேளை உணவும் அன்றாடம் பரிந்துரைக்கப்பட்ட ஊட்டச்சத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் தர வேண்டும். மெனுவைப் பதிவு பெற்ற டயட்டீஷியன் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் என்றால் நம் வயிறு நிறையும், டயட்டீஷியன் கணக்கில் புரதமும் கால்சியமும் குறையும், உப்பு கூடும். சுண்டல், பனீர், கீரைக் கூட்டு, தயிர் என்று மாற்றிப் போட்டு, நாலு வாரச் சுழற்சி மெனு ஒன்றை இப்போதே தயார் செய்து டயட்டீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

இவ்வகை முதன்மை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கே போகின்றன. அவர்களில் பலர் சமையலை வெளியே கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல் தடவை அப்படி ஓர் அமைப்பின் துணை ஒப்பந்ததாரராகப் போங்கள். கவுண்டியின் கணக்கு வழக்கும் தணிக்கையும் எப்படி இருக்கும் என்று அவர்கள் நிழலில் இருந்து கற்றுக்கொள்ளலாம். அந்த அனுபவத்தை அடுத்த விண்ணப்பத்தில் எழுதவும் செய்யலாம்.

அலமீடாவில் சிறிய, உள்ளூர், வளரும் தொழில்களுக்கு ‘ஸ்லெப்’ என்ற சான்றிதழ் இருக்கிறது. உள்ளூர் என்பதற்கு 5 சதவீதம், ஸ்லெப் என்பதற்கு 5 சதவீதம் என மதிப்பீட்டில் சலுகை கிடைக்கும். கூட்டாட்சிப் பணம் கலந்த ஒப்பந்தத்தில் இது பொருந்தாமலும் போகலாம். ஆவணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் சான்றிதழை வாங்கி வைத்தால் நஷ்டமில்லை.

ஆர்.எஃப்.பி. வந்ததும் பிடர்ஸ் கான்ஃபரன்ஸ், அதாவது போட்டியிட நினைப்பவர்களுக்கான விளக்கக் கூட்டம் ஒன்று நடக்கும். கட்டாயம் இல்லை என்றாலும் போங்கள். யார் யார் வந்திருக்கிறார்கள் என்ற பட்டியலே உங்களுக்கு ஒரு துணை ஒப்பந்த வாய்ப்பு. சந்தேகங்களைக் கடைசித் தேதிக்குள் எழுதி அனுப்பினால், கேள்வி பதில் இரண்டையும் எல்லாருக்கும் தெரியும்படி அடெண்டமாக, அதாவது ஆர்.எஃப்.பி.யின் பின்னிணைப்பாக வெளியிடுவார்கள். அதனால் உங்கள் தந்திரத்தைக் காட்டிக்கொடுக்கும் கேள்வியைக் கேட்காதீர்கள்! அடெண்டத்தில் தேதியும் படிவமும் மாறுவது சகஜம், ஒன்றையும் விடாமல் படியுங்கள். கையெழுத்து விட்டுப்போவது, பழைய விலைப் படிவத்தில் எழுதுவது, மதியம் 2 மணிக்கு முடியும் என்றால் 2 மணி 1 நிமிடத்துக்கு அனுப்புவது போன்றவற்றுக்கு மன்னிப்பு கிடையாது. முதல் நாளே பதிவேற்றி விடுங்கள்.

சரி, சூப்பர்வைசர்கள் எங்கே வருகிறார்கள்? கடைசியில். குழு தேர்ந்தெடுத்த பிறகு, பெரிய தொகை ஒப்பந்தங்கள் அவர்கள் ஒப்புதலுக்குப் போகும். 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். ஐவரில் மூவர் கூட்டத்துக்கு வெளியே ஒரு விஷயத்தைப் பேசி முடிவுக்கு வரக் கூடாது, ஆள் விட்டு ஒருவர் மாற்றி ஒருவர் பேசினாலும் தவறுதான். நீங்கள் அவரிடம் சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொல்லி என்ற நம் ஊர்ப் பாதை அங்கேயே அடிபடுகிறது. ஒப்பந்தங்கள் பலவும் கன்சென்ட் கேலண்டரில், இருபது முப்பது தீர்மானங்களோடு சேர்ந்து, விவாதமே இல்லாமல் நிறைவேறிவிடும். பேச நினைத்தால் அந்த வாக்கெடுப்புக்கு முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள். பொதுமக்களுக்கு ஒதுக்கும் ஓரிரு நிமிடத்தில் யாரும் பேசலாம்.

சூப்பர்வைசருடைய தேர்தல் நிதி விருந்துக்கு அழைப்பு வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஒப்பந்தம் கேட்டு நிற்பவர், முடிவு வரும் வரையிலும் அதற்குப் பிறகு 12 மாதமும், அந்த முடிவில் பங்குள்ளவருக்கு 500 டாலருக்கு மேல் நன்கொடை தரக் கூடாது. 2025-க்கு முன் இது 250 டாலர். முந்தைய 12 மாதத்தில் தந்திருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும், அவரும் பொதுவாக ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

நாத்தனார் விஷயம்: அவர் கவுண்டியில் எந்தத் துறையில், என்ன வேலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இந்த ஒப்பந்தத்தை உருவாக்குவதிலோ மதிப்பிடுவதிலோ அவருக்குப் பங்கு இருந்து, உங்கள் தொழிலில் அவருக்குப் பண ஆதாயமும் இருந்தால், மாநில அரசுச் சட்டத்தின் 1090-ஆம் பிரிவு குறுக்கே வரும். அப்படிக் கையெழுத்தான ஒப்பந்தமே செல்லாது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டியிருக்கலாம். சம்பந்தமே இல்லாத துறை என்றால் கவலை வேண்டாம். எப்படியானாலும் விண்ணப்பத்தில் உறவைச் சொல்லிவிடுங்கள். அவரிடம் இதைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள்.

கிடைக்காமல் போனால், யாருக்குத் தர இருக்கிறோம் என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். விதிமீறல் இருந்தால் மட்டும் செய்யுங்கள், மதிப்பெண் குறைவு என்ற மனத்தாங்கலுக்காக வேண்டாம். அதைவிட, டீப்ரீஃபிங் கேளுங்கள். எங்கே மதிப்பெண் போனது என்று உட்கார்ந்து விளக்குவார்கள்.

கிடைத்துவிட்டால், காப்பீட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். பொறுப்புக் காப்பீடு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர் என்பது வழக்கமான அளவு. ஊழியர் இழப்பீட்டுக் காப்பீடு ஆள் வைத்திருந்தால் எப்படியும் கட்டாயம். பணமோ சாப்பாடு கொடுத்து, பில் அனுப்பிய பிறகுதான் வரும், பொதுவாக ஒரு மாதம் கழித்து. குறைந்தது இரண்டு மாத மளிகைக்கும் சம்பளத்துக்கும் வங்கியில் கடன் வரம்பு வாங்கி வைத்துக்கொண்டு விலையைப் போடுங்கள். அந்த வட்டியையும் சாப்பாட்டு விலையில் சேர்த்துவிட வேண்டும். பிறகு தனியாகக் கேட்டால் தரமாட்டார்கள்.