கேள்வி பதில்: பால்வழியின் கடின எக்ஸ் கதிர் மூலங்களை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி: சார், கடின (ஆற்றல் மிகுந்த) எக்ஸ் கதிர் வரும் மூலங்களை இன்டெக்ரல் விண்தொலைநோக்கி கண்டுபிடித்ததே, அவற்றில் பல, இன்னதென்று தெரியாமல் வெறும் எண்ணாகவே கிடக்கின்றனவே, ஏன்?

பதில்: கண்டுபிடிப்பது வேறு, அடையாளம் காண்பது வேறு. இன்டெக்ரலின் ஐபிஸ் கருவியில் கதிரைக் குவிக்கும் ஆடி கிடையாது. உணரிக்கு 3.2 மீட்டர் மேலே துளைகள் போட்ட டங்ஸ்டன் தகடு இருக்கும். அதன் நிழல் விழுகிற விதத்தைக் கணக்குப் போட்டுத்தான் திசையை எடுக்கிறார்கள். மங்கலான மூலம் என்றால் இடத்தில் சில ஆர்க் மினிட் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பிழை வரும், அதாவது மூலம் எங்கோ ஒரு பிழை வட்டத்துக்குள் இருக்கும். பால்வழித் தளத்தில் அந்த வட்டத்துக்குள் விண்மீன்கள் குவிந்து கிடக்கும். அதனால் அதே இடத்தைச் சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கிகளில் ஒன்றில் மறுபடி பார்க்க வேண்டும். சந்திரா கிடைத்தால் பிழை ஒரு ஆர்க் செகண்ட் (ஆர்க் மினிட்டில் அறுபதில் ஒரு பங்கு) அளவுக்குச் சுருங்கும். அப்புறம்தான் அகச்சிவப்பில் துணை விண்மீனின் (மூலத்தோடு சேர்ந்து சுற்றும் விண்மீன்) நிறமாலை எடுப்பது.

ஐஜிஆர் ஜே16318-4848 என்ற மூலத்தைப் பாருங்கள். 2003 ஜனவரியில் இன்டெக்ரல் கண்டது. சுற்றியுள்ள வாயு மென் (ஆற்றல் குறைந்த) எக்ஸ் கதிரை ஏறக்குறைய முழுசாக விழுங்கிவிடுகிறது. எக்ஸ்எம்எம்-நியூட்டனில் பார்த்தபோது 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இரும்பின் கோடு (இரும்பு அணுக்கள் விடும் கதிர்) தூக்கலாக நின்றது. அகச்சிவப்பு நிறமாலைதான் அதன் துணை ஒரு மீப்பெரு விண்மீன் என்று காட்டியது. எனக்கு மிகப் பிடித்த மூலம் இது.

கேள்வி: பிழை வட்டத்தின் நடுவிலேயே பளிச்சென்று ஒரு விண்மீன் இருக்கிறது. அதுதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பிரகாசம் சாட்சி ஆகாது.

கேள்வி: என் மூலத்தில் துடிப்பே (சீரான இடைவெளியில் கூடிக் குறையும் ஒளி) இல்லை. அப்படியானால் கருந்துளைதானே?

பதில்: இல்லை. சீரான துடிப்பு இருந்தால் கருந்துளை இல்லை என்று சொல்லலாம். இல்லாததால் எதுவும் முடிவாகாது. 1962-இல் கண்ட ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 என்ற மூலம் நியூட்ரான் விண்மீன் (பெரிய விண்மீன் இறந்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த கரு) என்றே கொள்ளப்படுகிறது, அதில் துடிப்பு அகப்படவில்லை.

கேள்வி (அதே நண்பர்): நிறமாலையும் சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளை மாதிரியே இருக்கிறதே?

பதில்: நியூட்ரான் விண்மீனும் மங்கலான நிலையில் அதே மாதிரி நிறமாலை காட்டும். மேற்பரப்பில் படிந்த பொருள் அணுக்கரு எரிப்பில் வெடித்தால் வழக்கு அங்கேயே முடிந்தது, அது நியூட்ரான் விண்மீன்தான். கருந்துளைக்கு மேற்பரப்பு இல்லை. வெடிப்பும் இல்லையா? நிறையை அளந்து பாருங்கள். சிக்னஸ் எக்ஸ்-1-இல் துணை விண்மீன் 5.6 நாளுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் போவதை அளந்துதான் கருந்துளை என்றார்கள். 2021 கணக்கில் சுமார் 21 சூரிய நிறை. நிறை தெரியாதவரை “கருந்துளையாக இருக்கலாம்” என்பதோடு நிறுத்துங்கள்.

கேள்வி: என்னுடையதும் வேகமாக மினுங்குகிறது. கருந்துளையா?

பதில்: மேலே சொன்னதேதான், நிறை தெரியாதவரை “இருக்கலாம்” மட்டும்.

கேள்வி: மூலம் பால்வழித் தளத்தில் தெரிந்தால் நம் பால்வழி மூலம்தானே?

பதில்: கட்டாயமில்லை. கடின எக்ஸ் கதிர் தளத்தையே ஊடுருவி வரும். பின்னால் உள்ள வேறு விண்மீன் மண்டலத்தின் மையமாகவும் இருக்கலாம். நிறமாலையில் செந்நகர்வைப் (தொலைவில் விலகிப் போகும் பொருளின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்வதை) பாருங்கள்.

கேள்வி: காமா கதிர் வெடிப்புகள் பற்றி?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: தரவு எங்கே கிடைக்கும்?

பதில்: நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில், இலவசமாக. பட்டியலில் பிழை ஆரம், மூலம் உள்ளே இருக்கும் 68 சதவீத வாய்ப்புக்கா 90 சதவீத வாய்ப்புக்கா என்று பார்த்துவிட்டு வட்டம் போடுங்கள்.