அருவி இரைச்சலும் ஆள் குரலும்

கேள்வி: ஒகேனக்கல்லில் குறும்படம் எடுத்தோம். பரிசல்காரரும் அவர் மகளும் அருவியருகே பேசும் காட்சியில் வசனம் நீரிரைச்சலில் அமிழ்ந்துவிட்டது. ஷாட் மாறும் இடமெல்லாம் இரைச்சலும் கூடிக் குறைகிறது. மென்பொருளால் சரிசெய்ய முடியுமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: ஓரளவுக்குமேல் முடியாது. மின்சாதனங்களின் 50 ஹெர்ட்ஸ் முனகலை வடிகட்டிவிடலாம். அருவியோ தாழ்ந்த உறுமல் முதல் கூர்மையான சீறல் வரை பரவி ஒலிப்பதால், அதை நீக்கப் போனால் ச, த போன்ற மெய்யொலிகளும் சேர்ந்து தேய்ந்து, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

கேமராவிலிருந்த மைக்கையே நம்பியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிக்குந்தோறும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். சட்டையில் குத்திய மைக் 20 சென்டிமீட்டரில் வாங்கும் குரலை, 160 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மைக் 18 டெசிபல் தாழ்வாகவே வாங்கும். சுற்றிலும் நிறைந்திருக்கும் அருவியோசை அப்படிக் குறைவதில்லை. மேலும், கேமரா திரும்பும்போது அதன் மைக்கும் திரும்புகிறது; கோணம் தாவுவதைக் கண் பொறுத்துக்கொள்ளும், ஓசை தாவுவதைக் காது பொறுக்காது.

எனவே, மீண்டும் அங்கே சென்று, யாரும் பேசாத நிலையில் அந்த இடத்தின் சூழலோசையை (ஆம்பியன்ஸ்) இரண்டு நிமிடம் தனியே பதிவுசெய்து, காட்சி முழுவதற்கும் அடியில் அறுபடாமல் விரியுங்கள். படம்பிடித்த அன்றிருந்த அளவுக்கே நீர்வரத்து உள்ள நாளாகப் பாருங்கள்; கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டால் அருவியின் குரலே வேறாகிவிடும். வசனத்தை டப்பிங் செய்வதே வழி. ஆனால் அருவிக்கரையில் கத்திப் பேசியவர்கள் ஒலிப்பதிவு அறையிலும் அப்படியே கத்த வேண்டும். மெல்லப் பேசினால் உதடு பொருந்தினாலும் தொண்டை பொருந்தாது. தூரக்காட்சியில் அருவியை முழங்கவிட்டு, முகங்களை நெருங்கும்போது பார்வையாளர் உணராதபடி சிறிது சிறிதாகத் தணித்தால் போதும். அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அணை மதகில் பாயும் நீரைக் கைப்பேசியில் எடுத்தால் துளித்துளியாக வெட்டிவெட்டித் தெரிகிறதே, ஏன்?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: நல்ல வெயிலில் கைப்பேசி தானாகவே ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதுபோல் கூட்டிவிடுவதால், ஒவ்வொரு ஃப்ரேமிலும் நீர் உறைந்து நிற்கிறது. நொடிக்கு 24 ஃப்ரேம் எடுத்தால் ஷட்டரை நொடியில் 48-இல் அல்லது 50-இல் ஒரு பங்காக வைத்து, மிகுதி வெளிச்சத்தை என்.டி. ஃபில்டரால் (லென்ஸின்முன் பொருத்தும் சாம்பல்நிறக் கண்ணாடி) குறையுங்கள்; அசைவு சற்றே மங்கி, நீர் நீராக ஓடும்.