ஒலி மேசை: பெட்டியை விற்பதற்கு முன் சோபாவை நகர்த்துங்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சப்வூஃபரை, அதாவது பேஸ் என்னும் கனத்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றியவை. தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய பெட்டிகளை இப்போதுதான் பிரித்திருக்கிறீர்கள் போலும். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பழுதுபார்த்தே 27 ஆண்டுகளை ஓட்டிவிட்டவன் என்ற உரிமையில் சில பதில்கள் கொஞ்சம் காரமாக வந்திருக்கின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஹால் 18 அடி நீளம், 12 அடி அகலம். டிவிக்கு இடப்பக்க மூலையில் 10 அங்குல சப்வூஃபர் இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் பேஸ் சோகையாக இருக்கிறது. தண்ணீர் குடிக்கச் சமையலறை வாசலுக்குப் போனால் அங்கே இடி முழங்குகிறது. கடைக்காரர் 12 அங்குலத்துக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா?
– வாசகர், கரூர்

பதில்: மாறினால் சமையலறை வாசலில் இடி இன்னும் பலமாக முழங்கும். சோபாவில் அதே சோகைதான்.

நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் உங்கள் சோபா ஹாலின் நட்டநடுவில் இருக்கிறது, அதற்குப் பின்னால் சாப்பாட்டு மேசை போட்டிருக்கிறீர்கள், சமையலறை வாசல் ஒரு மூலையை ஒட்டி இருக்கிறது என்று பந்தயமே கட்டுவேன். ஜோசியம் எதுவும் இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 1,140 அடி போகிறது. அப்படியானால் 40 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 40 அதிர்வு) ஒலியின் ஒரே ஓர் அலை 28 அடிக்கு மேல் நீளம். உங்கள் ஹாலில் அதற்குக் கால் நீட்டிப் படுக்க இடம் கிடையாது. சுவரில் மோதித் திரும்பும் அலையும் எதிரே வரும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஓரிடத்தில் குவிகின்றன, இன்னோரிடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் பேஸை விழுங்காமல் அப்படியே திருப்பி அனுப்புவதால், நம் வீடுகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

அந்த 1,140இல் பாதியான 570ஐ உங்கள் ஹாலின் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். 18 அடிக்கு ஏறத்தாழ 32 ஹெர்ட்ஸ் வரும். அகலமான 12 அடிக்கு 47 அல்லது 48. இந்த இரண்டு ஒலிகளும் சுவரோரத்தில் கொழுத்திருக்கும், நடுக்கோட்டில் செத்துக் கிடக்கும். நீங்கள் நீளத்துக்கும் நடுவில், அகலத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டையும் சேர்த்தே இழந்திருக்கிறீர்கள். மூலையில் நிற்பவருக்கு இரண்டும் கிடைத்துவிடுகின்றன. தண்ணீர் குடிக்கப் போகிறபோது நீங்கள் கேட்பதுதான் உங்கள் சப்வூஃபரின் உண்மையான பலம்.

முதலில் சோபாவை மூன்றடி பின்னுக்குத் தள்ளுங்கள். சாப்பாட்டு மேசைக்கு வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும். அதை வீட்டில் பேசித் தீர்ப்பது உங்கள் பொறுப்பு. ஆர்வமிகுதியில் பின்சுவரோடு ஒட்டிவிடாதீர்கள். அங்கே எல்லாமே குவிந்து ஒரே கொழகொழப்பாகிவிடும்.

அடுத்தது பெட்டிக்கு இடம் தேடுவது. இதற்கு உலகமெங்கும் ஒலிக்காரர்கள் செய்யும் பழைய வழி ஒன்று உண்டு. சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் உட்காரும் இடத்திலேயே சோபாவின் மேல் வையுங்கள். பேஸ் கிட்டார் மேலும் கீழும் நன்றாக நடைபோடுகிற ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். இப்போது நீங்கள் தரையில் தவழுங்கள். பெட்டியை வைக்கச் சாத்தியமுள்ள ஒவ்வோர் இடத்திலும் காதைப் பெட்டியின் உயரத்துக்குத் தாழ்த்திக் கேளுங்கள். பெட்டி இருக்கும் இடத்தையும் காது இருக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் நடுவில் அறை செய்யும் வேலை மாறுவதில்லை. அதனால்தான் இந்த உத்தி பலிக்கிறது.

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். எங்கே அதிகமாக அதிர்கிறதோ அங்கே பெட்டியை வைத்துவிடுகிறார்கள். தேட வேண்டியது வேறு. கிட்டாரின் எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே கனத்தில் கேட்கிற இடம்தான் பெட்டிக்கு உரிய இடம். ஒரு சுரம் மட்டும் துருத்திக்கொண்டு வந்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போங்கள். உங்கள் ஹாலில் அது முன்சுவரின் நடுப்பகுதிக்கு அருகில் கிடைக்கலாம் என்பது என் ஊகம். அங்கே வைத்தால் அகலவாட்டு 47 ஹெர்ட்ஸ் தொல்லையைப் பெட்டி தூண்டாது. இருந்தாலும் தவழாமல் முடிவு செய்யாதீர்கள். ஈரோட்டில் ஒரு வீட்டில் நான் இப்படி முழங்காலில் போய்க்கொண்டிருந்தபோது, திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு பாட்டி, "என்ன தம்பி தொலைத்துவிட்டாய்? விளக்கு எடுத்து வரட்டுமா?" என்று கேட்டார். பேஸைத் தொலைத்துவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது!

ஒரு பழைய பாவத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், உங்களுடையதைப் போலவே நடுவில் சோபா போட்ட ஒரு வீட்டுக்காரருக்கு நானே பெரிய பெட்டியாக மாற்றிக்கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அவர், "மாடிப்படியில் உட்கார்ந்து படம் பார்த்தால் நன்றாக இருக்கிறது" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். உண்மையாகவே படியில்தான் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

கேள்வி: சப்வூஃபரின் பின்னால் மூன்று திருகுகள்: ஒலியளவு, கிராஸ்ஓவர், ஃபேஸ். எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் ரிசீவரின் மெனுவிலும் கிராஸ்ஓவர் இருக்கிறது. எதை எங்கே வைப்பது? தானாக அளக்கும் மைக்கை வைத்துப் பார்த்தால், ஒன்பது அடியில் இருக்கும் பெட்டியை 16 அடி என்று காட்டுகிறது. மைக் கெட்டுவிட்டதா?
– வாசகி, மதுரை

பதில்: மைக் நன்றாகத்தான் இருக்கிறது. சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைச் சற்றுத் தாமதித்தே வெளியே விடுகிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லி நொடித் தாமதம் என்பது ஓரடிக்குச் சற்று அதிகமான தூரத்துக்குச் சமம். உங்கள் பெட்டி ஆறு மில்லி நொடி தாமதிக்கிறது. ரிசீவர் அதைத் தூரமாக எழுதிவைத்திருக்கிறது. டேப் பிடித்து அளந்து, அதைப் போய் ஒன்பது என்று திருத்தியவர்கள் பலரை எனக்குத் தெரியும். திருத்தாதீர்கள்.

கிராஸ்ஓவர் என்பது கனத்த ஒலியைச் சப்வூஃபருக்கும் மற்றதை ஸ்பீக்கர்களுக்கும் வெட்டிப் பிரிக்கும் எல்லை. அந்த வெட்டை ஓரிடத்தில் மட்டும் செய்ய வேண்டும். அது ரிசீவரின் வேலை. பெட்டியின் பின்னால் உள்ள திருகை அதன் உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். எல்எஃப்இ (சினிமாவின் கனத்த ஒலிக்கான தனித் தடம்) என்று தனி உள்வாய் இருந்தால் கேபிளை அதில் செருகுங்கள். இரண்டு இடத்திலும் வெட்டினால் நடுவில் ஒரு பள்ளம் விழும். ரிசீவரில் எல்லா ஸ்பீக்கர்களையும் 'ஸ்மால்' என்று குறியுங்கள். நாலடி உயர ஸ்பீக்கரை வாங்கியவர்களுக்கு இந்தச் சொல் தன்மானப் பிரச்சினையாகிவிடுகிறது. அதற்கு அர்த்தம் இவ்வளவுதான்: கனத்த ஒலியைச் சுமக்கும் வேலையை அதற்கென்றே செய்த பெட்டியிடம் கொடுக்கிறோம். வெட்டும் இடம் 80 ஹெர்ட்ஸ். திரையரங்கு, வீட்டு ஒலியமைப்புகளுக்குச் சான்று தரும் டிஎச்எக்ஸ் தரத்திலும் இதே எண்தான். உங்கள் ஸ்பீக்கர்கள் உள்ளங்கை அளவே இருந்தால் 100 அல்லது 120க்கு ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் ஆண்குரலே மூலையிலிருந்து வருவது போலத் தோன்றத் தொடங்கிவிடும். 'எல்எஃப்இ + மெயின்' என்ற ஒரு தேர்வும் மெனுவில் கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள்.

ஃபேஸ் என்பது சப்வூஃபரின் அலையும் முன் ஸ்பீக்கர்களின் அலையும் ஒத்து ஏறி இறங்குகின்றனவா என்பது. அதைச் சரிபார்க்க இருவர் வேண்டும். ஒருவர் சோபாவில் இருக்க, மற்றவர் 0க்கும் 180க்கும் மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். ஓடவிட வேண்டியது கிராஸ்ஓவர் புள்ளியான 80 ஹெர்ட்ஸ் ஒலி. முன் ஸ்பீக்கர்களும் சேர்ந்தே ஒலிக்க வேண்டும். எதில் ஒலி கூடுகிறதோ அதுவே சரி. மைக்கைச் சோபா மெத்தையில் கிடத்தாமல், கேமரா முக்காலியில் காது உயரத்தில் நிறுத்துங்கள். மின்விசிறி, ஏசி, பிரஷர் குக்கர் மூன்றுக்கும் பத்து நிமிடம் விடுமுறை. அளந்து முடித்ததும் சப்வூஃபரின் அளவை ரிசீவர் அதன் கடைசி எல்லையான மைனஸ் 12இல் நிறுத்தியிருந்தால், பெட்டியின் பின் திருகு அதிகமாகத் திறந்திருக்கிறது என்று பொருள். குறைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

கையில் ஒலிமானி இருந்தால் 'சி' அளவில் வையுங்கள். 'ஏ' அளவு 50 ஹெர்ட்ஸை 30 டெசிபல் குறைத்துக் காட்டும். அதை நம்பி ஏற்றினால் ஜன்னல் கழன்று வரும்.

இவ்வளவு முடிந்தபின் காதுக்காக மூன்று நான்கு டெசிபல் கூட்டிக்கொள்வது குற்றமில்லை, நானும் கூட்டியிருக்கிறேன். மிருதங்கக்காரர் தொப்பிப் பக்கத்தில் ரவைப் பசையை அப்பி, தட்டிப் பார்த்து, துளி கிள்ளி எடுத்து, மறுபடி தட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த அளவுப் பொறுமை போதும். ஒரே மாலையில் முடிக்காதீர்கள். ஒரு வாரம் செய்தி, பாட்டு, சினிமா என எல்லாம் கேட்டபின் திருகுங்கள். செய்தி வாசிப்பவர் பானைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தால் எங்கோ அதிகமாகிவிட்டது.

கேள்வி: அடுக்குமாடியில் மூன்றாம் தளம். கீழ்வீட்டுப் பெரியவர் மேலே வந்து இரண்டு முறை சொல்லிவிட்டார். பெட்டிக்குக் கீழே தெர்மாகோல் போட்டேன். பயனில்லை. சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்ச் வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: தெர்மாகோலும் ஸ்பாஞ்சும் 28 அடி அலைக்குக் கொசுவலை மாதிரி. பவானி ஜமுக்காளம் தரைக்கு அழகு. பேஸுக்கு ஒன்றும் செய்யாது. உடற்பயிற்சிக் கூடங்களில் விரிக்கும் கெட்டி ரப்பர் பாயை வெட்டிக் கீழே போட்டால், பெட்டியின் உடல் நேராகத் தளத்தில் உதைப்பது கொஞ்சம் குறையும். காற்று வழியாகத் தளத்தைக் குலுக்கிக் கீழே இறங்குவதை அதுவும் தடுக்காது.

பலிக்கிற வழி, பெட்டியைச் சோபாவுக்குப் பின்னால், உங்கள் முதுகுக்கு இரண்டடியில் கொண்டுவருவது. அவ்வளவு அருகில் இருந்தால் ஒலியளவை நன்றாகவே இறக்கலாம். உங்களுக்குக் கிடைப்பது குறையாது, கீழ்வீட்டுக்குப் போவது குறையும். இடம் மாற்றியபின் தூரத்தையும் ஃபேஸையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இரவில் ஒலியைக் குறைத்தால் பேஸ் மட்டும் காணாமல் போகிறதே என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது காதின் இயல்பு. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் ஒலி எவ்வளவு பலமாகத் தோன்றுகிறதோ, அதே பலத்தை 50 ஹெர்ட்ஸில் உணரக் கிட்டத்தட்ட 78 டெசிபல் வேண்டும் என்கிறது இன்றைய அளவீடு. ரிசீவரில் 'டைனமிக் ஈக்யூ' அல்லது 'லவுட்னஸ்' இருந்தால் இரவில் போடுங்கள். சப்வூஃபர் திருகைத் தொட வேண்டாம். பத்தரை மணிக்கு மேல் அதையும் அணைத்துவிடுங்கள். மூன்றாம் முறையும் அவரைப் படியேற வைக்காதீர்கள். முட்டி வலி எனக்கும் உண்டு.

கேள்வி: கேபிள் டிவி பெட்டியை இணைத்ததிலிருந்து சப்வூஃபர் ஓயாமல் 'ம்ம்ம்' என்கிறது.
– வாசகர், திருச்சி

பதில்: சப்வூஃபரில் செருகிய சிக்னல் கேபிளை உருவுங்கள். இரைச்சல் நின்றால் பெட்டியில் குற்றமில்லை. மறுபடி செருகிவிட்டு, தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றுங்கள். அப்போது நின்றால் திருடன் அகப்பட்டான். அந்த ஒயரின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் வேறுவேறு மட்டத்தில் இருப்பதால், நடுவே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றி வருகிறது. டிவி, ரிசீவர், சப்வூஃபர் மூன்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள். அதன்பிறகும் இருந்தால், கேபிள் டிவி ஒயரின் நடுவில் போடும் ஐசொலேட்டர் விற்கிறது. எர்த் பின்னை வெட்டினால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். என்னிடம் வேலை பார்த்த ஒரு பையன் அப்படி வெட்டிவிட்டு வந்தான். மறுநாள் அந்த ரிசீவரைத் தொட்ட எனக்கு முழங்கை வரை உதறியது.

கேள்வி: ஒரே விலையில் 12 அங்குலம் ஒன்று, 10 அங்குலம் இரண்டு. எது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: குடும்பமாக வரிசையில் உட்கார்ந்து பார்ப்பீர்களானால் இரண்டு. எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளியில் ஒவ்வொன்றாக வையுங்கள். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வில், இருக்கைக்கு இருக்கை பேஸ் மாறுபடுவது இந்த அமைப்பில் வெகுவாகக் குறைந்தது. இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். தனியாக ஒரே நாற்காலியில் பார்ப்பவர் ஒன்றை வாங்கி, மேலே கரூர்க்காரருக்குச் சொன்னபடி தவழ்ந்தால் போதும்.

கேள்வி: குறிப்பிட்ட காட்சிகளில் எங்கோ கிண்கிணி சத்தம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதா?
– வாசகி, கோவை

பதில்: பெரும்பாலும் கிழிந்திருக்காது. 20இலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியைக் கைப்பேசியிலிருந்து ஓடவிட்டு, ஒவ்வொன்றாகக் கைவைத்து அமுக்கிக்கொண்டே போங்கள்: கண்ணாடி அலமாரிக் கதவு, சுவரில் மாட்டிய படம், ஜன்னல் கொக்கி, மின்விசிறியின் கிண்ணம். அகப்பட்டதற்கு ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வாரம் தேடினேன். பெட்டியை இருமுறை கழற்றிப் பூட்டினேன். கடைசியில் மனைவிதான் பரண்மேல் ஏறி, கொலுவுக்கென்று எடுத்துவைத்திருந்த எவர்சில்வர் தட்டுகளுக்கு நடுவே பழைய வேட்டித் துண்டு ஒன்றைச் செருகினார்.