பன்னீர் இலை தெரியும், செடி தெரியுமா? கேள்வி பதில்

திருச்செந்தூர் முருகன் கோயிலில் பன்னீர் இலையில் வைத்துத் தரும் இலை விபூதியை வாங்காத வீடு நெல்லைச் சீமையில் குறைவு. ஆனால் அந்த இலை எந்தச் செடியில் வளர்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். பன்னீர் மரம் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் இதோ.

திசையன்விளையிலிருந்து: அண்ணாச்சி, நர்சரியில் பன்னீர் மரம் என்று ஒரு கன்று கொடுத்தார்கள். இலையெல்லாம் சின்னச் சின்னதாக வேப்பிலை மாதிரி இருக்கிறது. இதுதானா?

இல்லை தங்கச்சி, அது அநேகமாக மரமல்லி. அதுவும் வெள்ளைப் பூ, அதுவும் ராத்திரி மணக்கும், சில ஊர்களில் அதையும் பன்னீர் மரம் என்றே சொல்வதால் விற்பவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பூ வரும்வரை காத்திருக்க வேண்டாம், இலையைப் பாருங்கள். நம்ம செடியின் இலை சின்னச் சின்னதாகப் பிரியாத முழு இலை, உள்ளங்கையை விடப் பெரிது, கிளை நுனியில் எதிரெதிராக நெருங்கி நிற்கும், நரம்பு வெளுப்பாக எடுப்பாகத் தெரியும், அடிப்பக்கம் தடவினால் மெத்தென்று இருக்கும். குட்டார்டா ஸ்பெசியோசா என்பது தாவரவியல் பெயர், 1753இல் லின்னேயஸ் வைத்தது. காபி, இட்லிப்பூ, நம்ம மஞ்சணத்தி எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து: இலையில் பன்னிரண்டு நரம்பு, அது முருகனின் பன்னிரு கை என்கிறார்களே?

அப்படித்தான் ஐதிகம். நீங்களே எண்ணிப் பாருங்கள், இலைக்கு இலை மாறும். அதற்காக விபூதியின் மதிப்பு குறைந்துவிடாது.

உவரியிலிருந்து: வீடு கடலுக்கு எதிரே, உப்புக்காற்றில் எதுவும் தங்க மாட்டேங்கிறது. இது வருமா?

உங்களுக்குத்தான் சரியான செடி! கிழக்கு ஆப்பிரிக்கா தொடங்கி மாலத்தீவு, அந்தமான், ஆஸ்திரேலியாவின் வடக்கு, பசிபிக் தீவுகள் வரை கடற்கரை மணலில் தானாக வளர்வது இது. பழம் கடல் நீரில் மிதந்து போய் அடுத்த கரையில் முளைக்கும், அதனால்தான் இத்தனை தூரம் பரவியிருக்கிறது. உலகக் கணக்கில் அரிய செடி என்று சொல்ல முடியாது, ஆனால் நம்ம பக்கம் கோயிலையும் சில வீடுகளையும் தாண்டி இதைப் பார்ப்பது அபூர்வம்தான். காற்று நேராக அடிக்கிற இடத்தில் புதராகவே நிற்கும், கொஞ்சம் மறைவு கிடைத்தால் சின்ன மரமாகும். முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள், ஆடு எட்டாதபடி வேலி கட்டுங்கள், போதும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: எங்கள் வயல் வரப்பில் வைக்கலாமா?

வேண்டாம். தண்ணீர் நிற்கிற களிமண்ணில் வேர் அழுகும். வீட்டு முற்றத்தில் மேடாக மணல் போட்டு, வெயில் படுகிற இடமாகப் பார்த்து வையுங்கள்.

சாத்தான்குளத்திலிருந்து: எங்கள் செடி பூக்கிறதே இல்லை. மொட்டு தெரிகிறது, காலையில் பார்த்தால் ஒன்றுமில்லை.

தம்பி, செடி பூத்துக்கொண்டுதான் இருக்கிறது, நீங்கள் பார்க்கிற நேரம்தான் தப்பு. சாயங்காலம் இருட்டும்போது விரியும், விடிவதற்குள் உதிர்ந்துவிடும். பூவுக்கு நீளமான குழல், அடியில் தேன், நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிகளுக்கு ஏற்ற அமைப்பு. வெள்ளை நிறமும் ராத்திரி வாசனையும் அவற்றுக்காகத்தான், நமக்காக இல்லை. காலையில் மரத்தடியில் குனிந்து பாருங்கள், பொறுக்கி எடுக்கலாம். பசிபிக் தீவுகளில் இந்தப் பூவை மாலை கட்டுவார்கள், தேங்காய் எண்ணெயில் போட்டு வாசனை ஏற்றுவார்கள்.

வள்ளியூரிலிருந்து: இலைக் கஷாயம் நோய் தீர்க்குமா?

முருகனைத் துதிக்கும் சுப்பிரமணிய புஜங்கத்தில் இலை விபூதியைப் பார்த்ததுமே காசமும் குட்டமும் ஓடும் என்று பாடல் உண்டு. அது விபூதிக்கும் பக்திக்கும் சொன்னது. அதை வைத்துக்கொண்டு இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்க நான் சொல்ல மாட்டேன், வைத்தியரைப் பாருங்கள்.

திருநெல்வேலி டவுனிலிருந்து: விதை போட்டு மாதக்கணக்காகிறது, முளைக்கவே இல்லையே?

தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். கொட்டை மரக்கட்டை மாதிரி கெட்டி, உள்ளே பல அறை, அறைக்கு ஒரு விதை. முளைக்க மாதங்கள் ஆகும், அதுவும் ஒரே நேரத்தில் வராது. பழச்சதையை நன்றாகக் கழுவி எடுத்து, ஆற்று மணலில் பாதி புதைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் தெரிந்த வீட்டில் கேட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு கிளையில் பதியம் போட்டுப் பாருங்கள். கோயில் மரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.