உண்மையான ஹாட் ராட்டையே பார்க்காமல், கொழும்பில் இருந்துகொண்டு அதன் மாடலைச் சரியாகக் கட்ட முடியுமா?

கேள்வியில் இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது. இங்கே கட்டுவதற்குச் சாமான் கிடைக்குமா என்பது ஒன்று. நம் வீதியில் ஒரு ஹாட் ராட்கூட, அதாவது வேகத்துக்காக வெட்டி மாற்றிக் கட்டிய பழைய கார்கூட, ஓடாதபோது அதைப் பற்றிய அறிவு யாரிடமிருந்து வரும் என்பது மற்றது. முதலாவதற்குப் பதில் சின்னது, பிறகு சொல்கிறேன். இரண்டாவதுதான் முக்கியம். முடியும், நிச்சயமாக முடியும். நான் கற்றது பெரும்பாலும் கிராண்ட்பாஸில் உள்ள ஒரு கராஜில்தான்.

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். முதலில் கட்டியது 1932 ஃபோர்ட், 1/25 அளவு, கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகன் லீவில் வந்தபோது கொண்டுவந்து தந்த கிட், அதாவது ஒட்டிப் பொருத்துகிற பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள பெட்டி. படிமுறைத் தாளில் இருந்தபடி ஒட்டி, சிவப்பு அடித்து, நன்றாக மினுங்க வைத்து, அப்பாவின் மொரிஸ் மைனரைத் திருத்துகிற பாஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மல்லி (தம்பி), இதில் சூடு எங்கே போகும்?"

நான் ரேடியேட்டருக்கு ஒரு ஹோஸும் போட்டிருக்கவில்லை. கிட்டில் தரவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பாஸ் தன் வாழ்நாளில் ஒரு ஹாட் ராட்டைக் கண்டதில்லை. ஆனால் எஞ்சினைப் பார்த்தவுடனே "சைட் வால்வ்தானே" என்றார். இளவயதில் ஃபோர்ட் பிரிஃபெக்ட் நிறையத் திருத்தியவர், அந்த 1172 சிசி எஞ்சினும் சைட் வால்வ்தான். வால்வுகள் மேலே ஹெட்டில் இருக்காது, சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளொக்கிலேயே இருக்கும், ஹெட் என்பது ஒரு தட்டையான மூடி மட்டும். அமெரிக்கர்கள் இதைத்தான் ஃப்ளாட்ஹெட் என்கிறார்கள். 1932இல் ஹென்றி ஃபோர்ட் சாதாரண சனம் வாங்கக்கூடிய விலையில் இந்த அமைப்பில் ஒரு வி8 கொடுத்தார், 221 கன அங்குலம், நம் கணக்கில் 3.6 லீட்டர், 65 குதிரைவலு. அடுத்த இருபது வருடம் கலிபோர்னியாப் பெடியன்கள் கையில் கிடைத்த பழைய ஃபோர்ட்டுகளைப் பிரித்து வேகமாக ஓடவைத்ததெல்லாம் பெரும்பாலும் இந்த எஞ்சினை வைத்துத்தான்.

அதற்கு ஒரு பெரிய குறை உண்டு, அதை பாஸ்தான் எனக்கு விளங்கவைத்தார். பிரிஃபெக்ட்டில் வால்வ் இருக்கிற பக்கத்தாலேயே புகை வெளியே போய்விடும். வி8இல் வால்வுகள் இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கும் நடுவில் இருக்கின்றன, சைலன்சர் குழாய் வெளிப்பக்கத்தில் இருக்கிறது, அப்படியென்றால் எரிந்த வாயு முழுக்க சிலிண்டர்களுக்கு இடையால் பிளொக்கைக் குறுக்கே கடந்துதான் வெளியே வரவேண்டும். வருகிற வழியெல்லாம் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே வரும். பழைய பிரிஃபெக்ட்டில் தண்ணீர்ப் பம்ப்கூட இல்லை, சூடான தண்ணீர் தானாக மேலே ஏறிச் சுற்றும், அது அந்த எஞ்சினுக்குப் போதும். இந்த வி8க்கு இரண்டு பம்ப், ரேடியேட்டருக்கு மேலே இரண்டு ஹோஸ், கீழே இரண்டு ஹோஸ். நான்கையும் போடாமல் கட்டினால் அந்த மாடலில் சூடு போக வழியே இல்லை, பாஸ் கேட்டது அதைத்தான்.

அன்று எனக்கு ஒன்று பிடிபட்டது. ஹாட் ராட் பற்றிய அறிவு என்பது எந்தக் காரில் எந்தப் பாகம் வந்தது என்ற பட்டியல் மட்டும் இல்லை. ஏன் வெட்டினார்கள், ஏன் கழற்றினார்கள், ஏன் பெரிய டயரைப் பின்னால் போட்டார்கள் என்பதற்கெல்லாம் காரணம் உண்டு. காரணம் தெரிந்த மனிதர் எந்த ஊரிலும் இருப்பார்.

மட்கார்டைக் கழற்றியது பாரத்தையும் காற்றுத் தடையையும் குறைக்க. மியூரொக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரித் தரைகளில் ஓடியபோது முன்னால் காற்று மோதுகிற பரப்பைக் குறைக்கத்தான் கூரையை வெட்டி இறக்கினார்கள், அதுதான் சொப்பிங். பாடியைச் சேசிசுக்கு மேலே நிற்கவிடாமல் தரைத்தகட்டை வெட்டி அதற்குக் கீழே இறக்கி உட்காரவைப்பது சானலிங். பின்னால் பெரிய டயர் போட்டால் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கார் கூடுதல் தூரம் போகும், கியர் விகிதத்தை மாற்றியதற்குச் சமம். முன்பக்கம் பதிந்து பின்பக்கம் தூக்கி நிற்கிற அந்த வடிவான நிலை இப்படித்தான் வந்தது. இது தெரியாமல் வெறும் படத்தைப் பார்த்துக் கட்டினால் எங்கேயோ ஒரு இடம் பொய்யாக நிற்கும்.

என்னுடைய அடுத்த பிழையும் அந்த வகைதான். ஃப்ளாட்ஹெட்டுக்கு ஒரு பக்கத்துக்கு நான்கு சிலிண்டர் என்பதால் நான்கு குழாய் உள்ள ஹெடர், அதாவது புகை வெளியேற்றுகிற குழாய்த் தொகுதி, போட்டேன், மிச்சப் பெட்டியில் ஒரு ஷெவர்லே எஞ்சினுடையது இருந்தது. உண்மையில் அந்தப் பிளொக்கில் நடு இரண்டு சிலிண்டரும் ஒரே வாயால் வெளியே விடுகின்றன, அதனால் பக்கத்துக்கு மூன்று வாய்தான். பிளக் வயர் இழுக்கிறபோதும் கவனம் வேண்டும். பழைய ஃப்ளாட்ஹெட்டில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்கிற டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்முகத்தில் இருக்கும், 1955இல் வந்த ஷெவர்லே ஸ்மோல் பிளொக்கில் பின்னால், எஞ்சினையும் ஆட்கள் இருக்கிற பகுதியையும் பிரிக்கிற ஃபயர்வோலை ஒட்டி இருக்கும். சிலிண்டர்கள் எரிகிற வரிசையும் வேறு: ஸ்மோல் பிளொக்குக்கு 1-8-4-3-6-5-7-2, ஃப்ளாட்ஹெட்டுக்கு 1-5-4-8-6-3-7-2. வயருக்கு நான் பழைய ரிலே கொயில்களைப் பிரித்து எடுக்கிறேன், 0.3 மில்லிமீட்டர் தடிப்பு இந்த அளவுக்குச் சரியாக வரும்.

இப்போது ஒரு கணக்குச் சொல்கிறேன், இதை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் எவ்வளவோ நேரம் மிஞ்சியிருக்கும். ஹாட் ராட் உலகம் முழுக்க அங்குலத்தில் கதைக்கும். நம் கையில் இருப்பது மில்லிமீட்டர் அடிமட்டம். 1/25 அளவில் ஒரு அங்குலம் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், 1.016 என்று வரும், விட்டுவிடலாம். கூரையை மூன்று அங்குலம் இறக்கினார்கள் என்று படித்தால் மூன்று மில்லிமீட்டர் வெட்டுங்கள். முன் அக்சில் நான்கு அங்குல டிரொப், அதாவது காரை அவ்வளவு பதிய வைக்க வளைத்தது, என்றால் நான்கு மில்லிமீட்டர். 1932 ஃபோர்ட்டின் வீல்பேஸ் 106 அங்குலம், மாடலில் 108 மில்லிமீட்டருக்குக் கிட்ட வரவேண்டும், வராவிட்டால் சேசிஸ் கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது. 1/24 கிட்டுகளில் இந்த வசதி கொஞ்சம் குறையும், பாடி அதில் நான்கு வீதம் பெரியது, ஆகவே 1/24 பாடியை 1/25 சேசிசில் ஏற்ற முயலாதீர்கள். டயரை மட்டும் மாற்றிப் போட்டால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சொப் செய்ய முதல்முறை துணிகிறவர்கள் 1928 முதல் 1931 வரையான மொடல் ஏ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தூண்கள் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்பதால் மூன்று மில்லிமீட்டரை எடுத்துவிட்டால் கூரை நேரே கீழே இறங்கி உட்காரும். 1949 மெர்குரி அப்படி இல்லை, தூண்கள் சாய்வு, கூரையை இறக்கினவுடன் முன்பக்கமும் பின்பக்கமும் பொருந்தாமல் போய்விடும், கூரையையே குறுக்கே வெட்டி இடையில் பிளாஸ்டிக் பட்டை வைத்து நீட்டவேண்டும். நான் அதை இரண்டாவது காராக எடுத்து ஒரு பாடியை இழந்தேன். கூரையை வெட்டியதும் கதவுப் பக்கம் உள்ளே மடங்கிக்கொண்டது. பாஸின் கராஜில் டிங்கரிங் செய்கிற அண்ணாதான் காரணம் சொன்னார். தகரத்தில் இப்படி வெட்டுவதற்கு முதல் உள்ளே குறுக்கும் நெடுக்கும் இரும்பு அடித்துப் பிடித்துவிடுவார்களாம், வெட்டி முடிந்ததும் மூலைவிட்டத்தை இரண்டு பக்கமும் அளந்து சரியென்றால் மட்டும் முழு வெல்டிங். அமெரிக்காவிலும் இதையேதான் செய்கிறார்கள். இப்போது நான் ஸ்ப்ரூ, அதாவது கிட்டின் பாகங்களைப் பிடித்து வருகிற பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டுகளைப் பாடிக்குள் குறுக்காக ஒட்டிவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறேன்.

வெட்டுவதற்கு நல்ல சாமான் செட்டியார் தெருவில் இருக்கிறது. நகைத் தொழிலாளிகளுக்கு ஆயுதம் விற்கிற கடைகளில் தட்டார் வாள் அலகுகளும் ஊசி அரங்களும் கிடைக்கும், மயிர் போல மெல்லிசு, பொழுதுபோக்குக் கடைச் சாமானைவிட நன்றாக வெட்டும். மற்றவற்றைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். கிட் இங்கே கடையில் அபூர்வம், வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரரை நம்பவேண்டும், 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிய பிறகு நான் வருடத்துக்கு ஒன்றுதான் வாங்குகிறேன். வோட்டர் பேப்பர், ப்ரைமர், தின்னர் எல்லாம் பஞ்சிகாவத்தையில் இருக்கிறது. கண்ணாடிக்கு ஷேர்ட் பெட்டியின் தெளிந்த மூடி போதும். கிட் பாகங்களில் வருகிற குரோம் பூச்சு வேண்டாமென்றால் அவற்றைத் துணி வெளுக்கிற ப்ளீச்சில் போட்டு வையுங்கள், கரைந்துவிடும். சின்ன இடைவெளியை நிரப்ப, வெட்டிய ஸ்ப்ரூவைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கிற மாடல் பசையில் ஊறவிட்டுக் கூழாக்கிப் பூசுங்கள், அதே பிளாஸ்டிக் என்பதால் பிறகு தேய்க்கிறபோது ஒரே மாதிரித் தேயும்.

பெயின்ட் பற்றி மட்டும் கொஞ்சம் நிற்கவேண்டும், கொழும்பு அதில்தான் நம்மைச் சோதிக்கிறது. கார் பெயின்டின் தின்னர் மாடலின் பிளாஸ்டிக்கைக் கடிக்கும், ஈரமாக ஒரே தடவையில் அடித்தால் மேற்பரப்பு முழுக்க வெடித்து வலை போல ஆகிவிடும், எனக்கு ஒரு பாடி அப்படிப் போயிருக்கிறது. ப்ரைமரைத் தூசி படிகிற மாதிரி மெல்லிசாக, காயவிட்டுக் காயவிட்டு நான்கைந்து தடவை அடியுங்கள், அந்தப் படை மூடிய பிறகுதான் நிறம். அடுத்தது ஈரக்காற்று. தின்னர் ஆவியாகிறபோது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றில் உள்ள ஈரம் அதில் படிகிறது, மினுக்கம் போய்ப் பால் பூத்தது போல வெளிறிவிடும். மழை நாளில் அடிக்கவே வேண்டாம். மெதுவாகக் காய்கிற தின்னர் கேட்டு வாங்குங்கள், பெரிய வேலையைத் தை, மாசி மாதங்களுக்கு வையுங்கள், வெயில் ஏறி பத்து மணிக்குப் பிறகு, ஜன்னல் திறந்து, முகமூடியோடு. இதிலும் பாஸ்தான் குரு, அவர் கராஜிலும் மழைக்காலத்தில் பெயின்ட் வேலை எடுக்க மாட்டார்.

கொடுக்கல் வாங்கல் என்று சொன்னால் ஒரு பக்கம் மட்டும் வாங்குவது சரியில்லை. நானும் பாஸுக்குக் கொண்டுபோவேன். ஸ்ட்ரொம்பேர்க் 97 காபரேட்டர் மூன்றை வரிசையாக வைத்து ஓட்டிய படங்கள், அந்த 97 என்பது உள்ளே காற்று போகிற ஒடுங்கிய வழியான வென்சூரியின் விட்டம் 0.97 அங்குலம் என்பதால் வந்தது என்ற விளக்கம், இதெல்லாம் அவருக்கு நல்ல விருப்பம். ஒருநாள் ஃபோர்ட் அங்லியாவை அமெரிக்கர்கள் டிராக் பந்தயத்தில், அதாவது நேர்கோட்டில் ஓடுகிற குறுந்தூரப் பந்தயத்தில், ஓட்டிய படம் காட்டினேன். நம் ஊரில் ஓடிய அதே சின்னப் பழைய அங்லியா, 90 அங்குல வீல்பேஸ், பாரமும் குறைவு, அதனால் 1960களில் கேஸர் எனப்பட்ட, பெட்ரோலில் ஓடுகிற கார்களின் வகுப்பில் அதற்குள் பெரிய வி8 ஏற்றி, புறப்படுகிறபோது பாரம் பின்சில்லுக்கு மாறவேண்டும் என்று முன்பக்கத்தைத் தூக்கி வைத்து ஓட்டினார்கள். கைவிட்ட விமான ஓடுபாதைகளில் அங்கே இந்தப் பந்தயம் வளர்ந்தது என்று சொன்னதும் பாஸ் "நம்ம கட்டுக்குருந்தவும் அப்படித்தானே" என்றார். சரிதான், கார்ப் பந்தயம் ஓடிய அந்த இடமும் போர்க்கால விமான ஓடுபாதைதான்.

அந்த அங்லியாதான் இப்போது என் மேசையில் இருக்கிறது. முன் அக்சிலை எவ்வளவு தூக்குவது என்று பாஸும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை, ஸ்டியரிங் ரொட் எந்தக் கோணத்தில் வரும் என்று வரைந்து காட்டச் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகவேண்டும். கேள்வி கேட்டவர் கொழும்பில் இருந்தால் எழுதுங்கள். என்னிடம் 1932 ஃபோர்ட்டின் மட்கார்ட் நான்கும் ஒரு ஃப்ளாட்ஹெட் எஞ்சினும் சும்மா இருக்கின்றன. எனக்குத் தேவை 1/25 அளவில் பின்னால் போடுகிற அகலமான ஸ்லிக் டயர் (வெட்டுக்கோடு இல்லாத பந்தய டயர்) ஒரு சோடி, இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.