ஓவியத்தில் புனிதை, கார்ட்டூனில் சூனியக்காரி: யார் இந்த உர்சுலா?

தேவாலய ஓவியங்களில் வரும் புனித உர்சுலாவுக்கும் டிஸ்னி படத்தின் கடல் சூனியக்காரிக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கதையளவில் எந்தத் தொடர்பும் இல்லை. பெயர் மட்டுமே ஒன்று.

புனித உர்சுலா பிரிட்டன் இளவரசி என்கிறது மரபுக்கதை. பதினோராயிரம் கன்னியரோடு யாத்திரை சென்று திரும்பும் வழியில், ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹூணர்களால் கொல்லப்பட்டாள். அந்த எண்ணிக்கையை வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால் ஓவியர்களுக்கு இக்கதை பெரும் புதையல். வெனிஸில் கர்பாச்சியோ இதை ஓர் ஓவியத் தொடராகவே வரைந்தார். அதில் உர்சுலா உறங்கும் அறைக்குள் வானதூதர் காலை ஒளியோடு நுழையும் காட்சியை நிதானமாகப் பாருங்கள்: கட்டிலடியில் காலணிகள், ஒரு குட்டி நாய், கழற்றி வைத்த கிரீடம். வரப்போகும் மரணம் இத்தனை அமைதியாக வரையப்பட்டது அபூர்வம்.

என்னை அதிகம் உலுக்குவது கரவாஜியோ 1610இல் வரைந்தது. தன்னை மணக்க மறுத்தவளை ஹூணர் மன்னன் கைக்கெட்டும் தூரத்திலிருந்து எய்துவிட்டான். அவளோ மார்பில் தைத்த அம்பைக் குனிந்து பார்க்கிறாள், அவ்வளவுதான். பின்னால் எட்டிப் பார்க்கும் முகம் ஓவியருடையது. அதே ஆண்டில் அவரும் இறந்தார்.

கடல் சூனியக்காரிக்கு, டிஸ்னி படத்தின் மூலமான, டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் 1837ஆம் ஆண்டுக் கதையில் பெயரே கிடையாது. 1989இல் வந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தில்தான் அவள் உர்சுலா ஆனாள். அவளுக்குக் குரல் கொடுத்தவர் பேட் கரோல்.