விடுதி வாழ்க்கை: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பழைய பிளாக்கில் ஒரே நீள வராண்டா, 36 மாணவர்கள். இரு முனையிலும் மாடிப்படியும் பொதுக் குளியலறையும். ஆண்டு முடிந்தாலும் பாதிப் பேருக்கு அடுத்தவர் பெயர் தெரிவதில்லை. ஆறு பேருக்கு ஒரு கூடம் என்று கட்டிய புது பிளாக்கிலோ ஒரே கலகலப்பு. பிள்ளைகளின் குணமா, கட்டடமா?
– விடுதிக் காப்பாளர், கோவை

பதில்: பெரும்பாலும் கட்டடம். 1970-களில் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக விடுதிகளில் ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்ற உளவியலாளர்கள் இதே இரண்டு அமைப்புகளையும் ஒப்பிட்டார்கள். தலைக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய சமம். ஆனாலும் நெரிசல் என்று குறைப்பட்டவர்கள் நீள வராண்டாக்காரர்கள்தான். பல் துலக்கப் போனாலும் முப்பது பேரில் யாராவது எதிர்ப்படுவார். யாரோடு பழகுவது, எப்போது பழகுவது என்பது தம் கையில் இல்லை. சலித்துப்போய் ஒதுங்கிவிடுகிறார்கள். விடுதிக்கு வெளியே, முன்பின் தெரியாதவரோடு காத்திருக்க வைத்தபோதும் அவர்கள் தள்ளியே உட்கார்ந்தார்கள்.

பிறகு பாம், சுமார் 40 பேர் இருந்த ஒரு வராண்டாவின் நடுவில் மூன்று அறைகளைப் பொதுக்கூடமாக்கி, கதவு வைத்து இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். நெரிசல் உணர்வு குறைந்தது, பழக்கம் கூடியது.

உங்கள் பிளாக்குக்கு இது அப்படியே பொருந்தும், இரு முனையிலும் படி இருப்பதால். ஒரே படி உள்ள கட்டடத்தில் தடுப்பு வைக்கவே கூடாது. தீப்பிடித்தால் பாதிப் பேர் மாட்டிக்கொள்வார்கள். உங்கள் தடுப்புக் கதவுக்கும் பூட்டு வேண்டாம். குடிதண்ணீரையும் இஸ்திரி மேஜையையும் கூடத்தில் வையுங்கள். வேலையாக வருபவர்தான் நின்று நாலு வார்த்தை பேசுவார். நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டால் டாக்டருக்குக் காத்திருப்பது போல இருக்கும். நாலைந்தாக வளைத்துப் போடுங்கள். டிவி அங்கே வேண்டாம்.

கேள்வி: மூன்று பேர் அறையில் இருவர் ஒட்டிக்கொள்ள, நான் தனியாள். என்ன செய்ய?
– மாணவி, திருச்சி

பதில்: மூவர் அறையின் பழைய வியாதி இது. இரண்டு கட்டில் அருகருகே, மூன்றாவது கதவோரம் என்று இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்: ஒரு சுவருக்கு ஒரு கட்டில், ஒவ்வொருவருக்கும் தனி விளக்கு, தனி பிளக். ஒரு மாதத்தில் சரியாகவில்லை என்றால் வார்டனிடம் அறை மாற்றம் கேளுங்கள். தேர்வு நெருங்கும்வரை இழுக்காதீர்கள்.

கேள்வி: மேல்மாடி அறை இரவிலும் கொதிக்கிறது. தூங்காமல் வராண்டாவில் உட்கார்ந்தால் கீழே இருப்பவர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.
– மாணவர், மதுரை

பதில்: பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், அதை இரவில்தான் கக்கும். மொட்டை மாடியைப் பாசி போகத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளை பெயின்ட்டோ இரண்டு கை அடிக்கச் சொல்லுங்கள். ஈரத்தில் அடித்தால் பெயின்ட் உரிந்துவிடும். ஜன்னலைப் பகலில் மூடி, வெளிக்காற்று குளிர்ந்தபின் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர்தான் காரணம். எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் கால் மணி நேர வேலை.